ஆறு வீட்டுத் திராட்சரசமும் ஒன்றும் அறியாத நானும்

மங்காஃப், குவைத்
19.3.2005

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான அத்தான் அவர்களுக்கு,

மைத்துனன் தேவதாஸ் தோத்திரத்துடன் எழுதுவது. நானும் தேவகனியும் லிண்டாவும் இங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அக்காவுக்கு மூச்சிரைப்பு குறைந்ததா, நீங்கள் காலை நடையை விடாமல் இருக்கிறீர்களா என்று அறிய ஆசை. சுகச் செய்தி இவ்வளவுதான். இனி வருவதை அக்கா பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து, உட்கார்ந்து வாசியுங்கள். இதைத் தபாலில் போட எனக்குத் தைரியம் இல்லை. எங்கள் கம்பெனி டிரைவர் ராமையா புதன்கிழமை லீவில் ஊருக்கு வருகிறார், அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். என் மகள் லிண்டாவுக்கு நீங்கள் பேசி முடித்த சம்பந்தம் ஆட்டம் கண்டுவிட்டது அத்தான். ஆட்டி வைத்தது வேறு யாரும் இல்லை, நான்தான்.

எங்கள் தமிழ்ச் சபையின் திருவிருந்துக்குத் திராட்சரசம் கடையில் வாங்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். மது ஒரு சொட்டு கூட ஆகாத நாடு இது. பிடிபட்டால் முதலில் ஜெயில், பிறகு விமானம். அதனால் கறுப்புத் திராட்சையைச் சர்க்கரை போட்டுக் கொதிக்க வைத்து, வடிகட்டி, ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்து, புளிப்பதற்குள் உபயோகித்துவிடுவோம். பதினெட்டு வருடமாக இதைச் செய்துவந்த வயதான நர்ஸம்மா ஜனவரியில் விசாவை கேன்சல் பண்ணிக்கொண்டு ஒரேயடியாக ஊர் போய்விட்டார்கள். பெரிய வியாழன் திருவிருந்துக்கு யார் ரசம் தருவீர்கள் என்று போதகர் கேட்டதும் ஆறு வீட்டார் கை தூக்கினார்கள். ஆறு வீட்டில் ஒன்று போதகருடையது, இன்னொன்று லிண்டாவுக்கு மாமியாராக வரப்போகிற ஹெட் நர்ஸ் பெர்சியுடையது. யாரும் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. ஆகவே ஒருவர் ஆறு வீட்டுக்கும் நேரில் போய்க் குடித்துப் பார்த்து, நல்லதைத் தேர்ந்தெடுத்து, முக்கியமாக அது புளித்துப் போதை ஏறாத ரசம்தானா என்று எழுத்தில் உறுதி தர வேண்டும் என்று கமிட்டி முடிவு பண்ணியது.

யார் போவது என்று கேட்டபோது கமிட்டி ஆட்கள் ஏழு பேரும் தரையில் விரித்திருந்த கார்ப்பெட்டைப் பார்த்தார்கள். நான் கள்ளமில்லாமல் செயலாளர் ரெஜின் பெயரைச் சொன்னேன். ரெஜின் பதறிப்போய், "எனக்கு எப்பிடிண்ணே தெரியும்? புளிச்சா எப்பிடி இருக்கும்னு நான் கண்டேனா?" என்றார். அடுத்தவரைப் பார்த்தோம். அவருக்கும் தெரியாதாம். அதற்கடுத்தவர் யாரும் கேட்பதற்கு முன்பே தெரியாது என்று சொல்லிவிட்டார். ஒருவருக்கு மட்டும் எல்லா ருசியும் தெரியும் என்று ஊருக்கே தெரியும், அவர் அன்றைக்கு வாயைத் திறக்கவே இல்லை. புளித்துவிட்டது என்று ஒருவர் சொன்னால், உமக்கு எப்படித் தெரியும் என்று அவர் வீட்டம்மாவே முதலில் கேட்பார்களே! கடைசியில் ரெஜின், "தேவதாஸ் அண்ணன்தான் சரி. சின்ன வயசுல உறுதிமொழி எடுத்த மனுசன், அவங்க சொன்னா ஒருத்தனும் சந்தேகப்பட மாட்டான்" என்றார். பதினாலு வயதில் ஓய்வுநாள் பள்ளியில் நான் கையெழுத்துப் போட்ட மதுவிலக்கு உறுதிமொழி உங்களுக்கு நினைவிருக்கும். முப்பத்தெட்டு வருடமாக அதை மீறியதில்லை என்ற பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மது எப்படி இருக்கும் என்றே அறியாதவன், இது மது இல்லை என்று எதை வைத்துச் சொல்லுவான் என்ற சின்னக் கேள்வி எனக்கும் தோன்றவில்லை, மற்ற ஆறு பேருக்கும் தோன்றவில்லை.

போதகர், "விழுங்க வேண்டாம் ஐயா, வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பிவிடும்" என்று புத்தி சொல்லித்தான் அனுப்பினார். எப்படித் துப்புவது? ஒரு வீட்டுக்குப் போகிறோம், ஷோகேஸில் பூட்டி வைத்திருந்த தங்கக்கோடு போட்ட டம்ளரைக் கழுவித் துடைத்து ஊற்றித் தருகிறார்கள், பக்கத்தில் முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் வைத்துவிட்டுக் குடும்பமே எதிரில் நின்று நம் தொண்டையையே பார்க்கிறது. அங்கே துப்பிவிட்டு வந்தால் நாளைக்கு அவர்கள் முகத்தில் முழிக்க முடியுமா? ஆறு வீட்டிலும் மிச்சம் வைக்காமல் குடித்தேன். ரெஜின் வீட்டில் ஏலக்காய் போட்டிருந்தார்கள். போதகர் வீட்டில் கிராம்பும் பட்டையும். யாழ்ப்பாணத்துக் கனகரத்தினம் வீட்டில் அவர் மனைவி ராசம்மா, "வடிவா வாசியுங்கோ அண்ணை, எத்தினை மணிக்குக் காய்ச்சினது, எத்தினை மணிக்கு ஃபிரிட்ஜிலை வைச்சதெண்டு எல்லாம் எழுதியிருக்கு. சீனி காணுமோ, இன்னும் போடவோ?" என்று ஒரு தாளை நீட்டினார்கள். குடித்தேன். திராட்சைச் சாறு மாதிரியே இருந்தது, வேறொன்றும் தோன்றவில்லை. எல்லோரும் ஆளுக்கொரு பாட்டில் சாம்பிளும் கொடுத்தார்கள், அவற்றை எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தேன். ஏசியில் கேஸ் பிரஷர் பார்க்க என்னிடம் மீட்டர் இருக்கிறது, இதற்கு மீட்டர் இல்லை. ஆகவே கம்பெனியில் சர்வீஸ் ரிப்போர்ட் எழுதுகிற மாதிரியே, குடிப்பதற்கு முன் உடம்பின் நிலை, குடித்த பின் உடம்பின் நிலை என்று இரண்டு பத்தி போட்டு ஒவ்வொரு வீட்டுக்கும் எழுதிக்கொண்டேன்.

கடைசியாக வியாழக்கிழமை நாலு மணிக்குப் பெர்சி வீடு. மாப்பிள்ளைப் பையன் ஜெகின் டியூட்டிக்குப் போயிருந்தான். பெர்சி, "அண்ணே, நல்லா கொதிக்க வச்சுத்தான் ஜாடில ஊத்தினேன். அதுக்குப் பொறவு டபுள் டியூட்டி. மூணு வாரமா பால்கனியில துணி கட்டி அப்பிடியே இருக்கு. கொள்ளாமான்னு பாருங்க" என்று சொல்லி ஊற்றினார்கள். அத்தான், அதை எப்படிச் சொல்லுவேன்! தொண்டையில் இறங்கும்போதே நெஞ்சுக்குள் விளக்கேற்றிய மாதிரி இருந்தது. சம்பந்தி வீட்டுப் பாசம் இதுதான் போலிருக்கிறது என்று நினைத்தேன். இரண்டாவது டம்ளர் நானே கேட்டு வாங்கினேன். மூன்றாவதற்கு டம்ளரை நீட்டினேன். நாலாவது நானே ஊற்றிக்கொண்டதாகச் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு அவர்கள் வீட்டு ஏசியில் காற்று குறைவு என்று தோன்றி, வேண்டாம் வேண்டாம் என்று பெர்சி சொல்லச் சொல்லக் கேளாமல் அதைக் கழற்றிக் கழுவி மாட்டினேன். மாட்டி முடித்ததும் ஒரு ஸ்க்ரூ மிஞ்சியது, அதைப் பெர்சியின் கையில் வைத்து ஆசீர்வாதம் பண்ணினேனாம். ஒரு ஞானப்பாட்டை நாலு குரலிலும் நான் ஒருவனே பாடினேனாம். வீட்டுக்கு வந்ததும் தேவகனி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பிள்ளைக்க அப்பா, ஒண்ணும் பேசாண்டாம், படுங்க" என்று மட்டும் சொன்னாள். படுப்பதற்கு முன் ரிப்போர்ட்டைச் சுத்தப் பிரதி எடுத்துத்தான் படுத்தேன். கடமையில் நான் தவறுவதில்லையே!

நேற்று வெள்ளிக்கிழமை ஆராதனை முடிந்து அறிவிப்பு நேரத்தில் ரெஜின் அதை மைக்கில் வாசித்தார். "ராசம்மா வீடு. முன்னுக்கும் பின்னுக்கும் யாதொரு வித்தியாசமும் இல்லை. கடைசி இடம். ரெஜின் வீடு. லேசான உற்சாகம். மூன்றாம் இடம். போதகர் வீடு. உற்சாகமும் கொஞ்சம் தாராள மனசும். இரண்டாம் இடம்." அடுத்த வரியில் ரெஜினின் குரல் இறங்கிவிட்டது, ஆனால் மைக் இறங்கவில்லை. "பெர்சி வீடு. முன்: இடது முட்டில் வலி, மகள் கல்யாணக் கவலை. பின்: வலி இல்லை, கவலை இல்லை, எல்லோர் மேலும் அன்பு உண்டாயிற்று, பாட்டு தானாக வந்தது, நாலு டம்ளருக்குப் பிறகும் போதும் என்று தோன்றவில்லை. முதல் இடம்." நூற்றைம்பது பேர் இருந்த ஹாலில் மூச்சுச் சத்தம் கூட இல்லை. என் ரிப்போர்ட்டின் அருமையில் எல்லோரும் உருகிப்போனார்கள் என்றே நான் நினைத்தேன். அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரே ஒரு சிரிப்பு கேட்டது. அடக்கி அடக்கிப் பார்த்து முடியாமல் மூக்கு வழியாக வெடித்த சிரிப்பு. திரும்பினால், ஜெகின். கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டு வெளியே ஓடினான். "என்ன சிரிப்பு?" என்று போதகர் கேட்டார், எல்லோரும் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்கள். பிறகு அவர் காரணம் ஒன்றும் சொல்லாமல், இரண்டாம் இடம் பெற்ற ரசமே பெரிய வியாழனுக்கு உபயோகிக்கப்படும் என்று சொல்லி ஜெபம் பண்ணி அனுப்பிவிட்டார்.

வீட்டில் வந்து தேவகனி சொன்னபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. முப்பத்தெட்டு வருட உறுதிமொழி நாலு டம்ளரில் போய்விட்டது. போனது கூடத் தெரியாமல் அதற்கு முதல் பரிசு வேறு கொடுத்திருக்கிறேன். கர்த்தருடைய பந்திக்கு மதுவைச் சிபாரிசு பண்ணி, கையெழுத்தும் தேதியும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். பெர்சி போனில் அழுதார்கள். "ஏண்ணே, என்னை இப்பிடி நாறடிச்சிட்டியளே" என்றார்கள். ஜாடியை அன்றைக்கே குளியலறையில் கொட்டிவிட்டார்களாம். அவமானத்தில் ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை அத்தான்.

ஆனால் என் நெஞ்சை அறுப்பது அது இல்லை. ஜெகின் ஏன் சிரித்தான்? தெரிந்ததனால்தானே சிரித்தான்? குடி என்றால் என்னவென்று அறியாத பையன் வேண்டும் என்று உங்களிடம் நான் சொன்னது ஒரே ஒரு நிபந்தனை. நீங்களும் எத்தனையோ வீடு ஏறி இறங்கித்தான் இவனைப் பிடித்தீர்கள். லிண்டாவிடம் பக்குவமாகச் சொன்னேன். அவளோ, "டாடி, அங்கே இருந்த எல்லாருக்கும் சிரிப்பு வந்துச்சு. அவன் ஒருத்தன்தான் ஹானஸ்ட்டா சிரிச்சான்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அதிலிருந்து என்னோடு பேசவில்லை. ஒரே மகள் அத்தான். குடிகாரன் கையில் கொடுத்துவிட்டு நான் எப்படி நிம்மதியாகக் கண்ணை மூடுவேன்? ஆகவே நீங்கள் ஊரில் இருக்கிற பெர்சியின் அண்ணனைப் பார்த்து, மனம் நோகாமல், இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். என்ன காரணம் சொல்வது என்பதை உங்களிடமே விடுகிறேன். பழியைத் தூக்கிப் போட நம்மில் ஜாதகம் பார்க்கிற வழக்கமும் இல்லாமல் போயிற்று.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. குடும்ப ஜெபத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள், எதற்கென்று மட்டும் சத்தமாகச் சொல்ல வேண்டாம். கர்த்தர் உங்கள் வீட்டைக் காத்துக்கொள்வாராக.

மனமுடைந்த மைத்துனன்,
ம. தேவதாஸ்

பி.கு. 21.3.2005, திங்கள். ஒட்டிய கவரைக் கிழித்து எழுதுகிறேன். பெர்சியின் அண்ணனிடம் தயவுசெய்து போக வேண்டாம். இன்று டியூட்டி முடிந்ததும் ஜெகின் தனியாக வந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "மாமா, நான் சிரிச்சது தப்புதான். ஆனா எதுக்குச் சிரிச்சேன்னு கேட்டா, தெரியாதுன்னு கள்ளம் சொல்ல மாட்டேன். பஹ்ரைன்ல ரெண்டு வருசம் நல்லா குடிச்சேன். விட்டு மூணு வருசம் ஆச்சு. லிண்டாட்ட மொதல் நாளே சொல்லியாச்சு" என்றான். எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நூற்றைம்பது பேரில் தெரியும் என்று என் முகத்துக்கு நேரே சொன்னவன் இவன் ஒருவன்தானே என்று தோன்றியது. ஃபிரிட்ஜைத் திறந்து, பெர்சியுடையது போக மிச்சமிருந்த ஐந்து சாம்பிள் பாட்டிலையும் அவன் முன்னால் வைத்தேன். ஒரு சொட்டு நாக்கில் வைக்கவில்லை, மூடியைத் திறந்து மோந்து மட்டும் பார்த்தான். நாலு பாட்டிலை ஒரு பக்கமாக நகர்த்தினான். அந்த நாலில் ரெஜினுடையதும் இருந்தது, பெரிய வியாழனுக்கென்று குறித்த போதகருடையதும் இருந்தது. ராசம்மாவின் பாட்டில் மட்டும் மறுபக்கம் நின்றது. போதகரிடம் யார் போய்ச் சொல்வது என்று நானும் தேவகனியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். "நான் சொல்லிக்கிடுதேன் மாமா" என்று அவனே போனான், சொன்னான், திட்டும் வாங்கிக்கொண்டு வந்தான். கமிட்டி இன்று மாலை கூடி, என் உண்மையைப் பாராட்டி, இனி மாதாமாதம் ரசம் பார்க்கும் பொறுப்பை நிரந்தரமாக எனக்கே கொடுத்துவிட்டது. எனவே கல்யாணத்தை ஆகஸ்ட் வரை இழுக்க வேண்டாம் அத்தான், ஏப்ரலிலேயே ஒரு நாள் பாருங்கள். அடுத்த திருவிருந்துக்குள் அவன் எனக்கு மருமகனாக வந்தாக வேண்டும்.