விநாகிரி மாமன் மோந்து பாத்த கை

பாறசாலைக்கும் பனச்சமூட்டுக்கும் எடையில விநாகிரி மாமன் மோந்து பாக்காத கை ஒண்ணு கூட கெடையாது. போலீஸ்காரன் கை, கண்டக்டர் கை, கல்யாண மாப்பிள்ளை கை, எல்லாம் மோந்திருக்காரு. ஓட்டு கேட்டு வந்த ஒருத்தரு கைய நீட்டினாரு. மாமன் குலுக்கல்ல. பிடிச்சு மூக்கு கிட்ட கொண்டு போனாரு.

"சோப்பு. ஓட்டு போடுதேன். எனக்க மீன்தொட்டிய மட்டும் தொடப்படாது, கேட்டியளா."

அவரு சொந்தப் பேரு எனக்கு சாவு நோட்டீஸ் பாத்துதான் தெரிஞ்சுது. ஜங்ஷன்ல பஸ் ஸ்டாப்புக்கு எதிரே வளர்ப்பு மீன் கடை. பழைய தொட்டிய வாங்கி, களுவி, விக்கணும், அதுதான் தொழிலு. வினிகருக்கு எங்க ஊர்ப் பேரு விநாகிரி. அத வச்சு மட்டும்தான் களுவுவாரு. சபையில அவரு உக்காந்த பெஞ்சுல பிள்ளைங்களுக்கு நாக்குல வெள்ளம் ஊறும். குளிக்கது பயத்தம்பொடி போட்டு. வீட்டுல மாமிக்கு ஒரு சோப்பு உண்டு, அதும் ஒளிச்சு வச்சிருப்பா.

நான் ஆட்டோ ஓட்டுதேன். எட்டாங் கிளாஸோட நின்னவன். மனசுல ஒண்ணு கெடந்து அறுக்குது, அதான் எழுதுதேன்.

எங்க வீட்டுல ஒரு சனிக்கிழமை ஜெபக்கூட்டம் வச்சோம். போதகரும் சபைக்காரங்களும் வருவாங்க. முன்னறையில மீன்தொட்டி இருந்தா கெத்தா இருக்கும்னு வியாழக்கிழமை மாமன் கடைக்குப் போனேன். கைய மோந்துட்டு ஒரு பழைய தொட்டிய காட்டுனாரு. ஒரே பாசி, வெள்ளை வெள்ளையா உப்புக் கறை.

"இது கண்ணாடியா, மதிலா மாமா?"

"களுவித் தாறேன்லே. திங்கக்கிழமை வா."

"சனிக்கிழமை வேணும். நானே களுவுதேன்."

மகளைப் பெண்ணு கேட்ட மாதிரி என்னைய மேலும் கீழும் பாத்தாரு. பொறவு சொன்னாரு: "பாசிய பிளேடு வச்சு சொரண்டு. கறையில விநாகிரித் துணிய ஒட்டிப் போடு, ஊறட்டு. பொறவு வெறும் வெள்ளம். அடியில பேப்பரு விரிச்சு, நெறச்சு வை. பேப்பரு நனையல்லேன்னா மீன விடு. சோப்பு மட்டும் காட்டிராத மக்கா. மூலையில ஒட்டுன பசை இருக்கில்லா, அது சோப்ப குடிச்சு வச்சுக்கிடும். மீனுக்கு வெஷமாக்கும்."

"செரி மாமா."

"என்ன செரி? சொல்லு பாப்பம்."

ஞாயிறு பள்ளி மனப்பாட வசனம் மாதிரி மூணு தடவ சொல்ல வச்சுத்தான் விட்டாரு.

வெள்ளிக்கிழமை விநாகிரித் துணி போட்டு ரெண்டு மணிக்கூறு இருந்தேன். கறை பாதிதான் போச்சு. அம்மா மூக்கப் பொத்திட்டு வந்தா. "எலே, நாளைக்கு வாறவங்க இது வீடா, ஊறுகா கம்பெனியான்னு கேப்பாங்க."

எனக்கும் பொறுமை போச்சு. அடுக்களையில எலுமிச்சை மணம் உள்ள பாத்திர சோப்பு கெடந்துது. எடுத்தேன். பத்தே நிமிசம், தொட்டி பளபளன்னு ஆச்சு.

அதோட விட்டேனா? சனிக்கிழமை மீன் வாங்கப் போகும்போ கையில விநாகிரி தேச்சிட்டுப் போனேன். மாமன் மோந்து பாத்தாரு. மொகம் அப்பிடியே விரிஞ்சுது. "கொள்ளாம்லே. நீ ஆளு கொள்ளாம்," ன்னு மெச்சி, தங்கமீனு ஆறு எடுத்துத் தந்தாரு.

சாயங்காலம் எல்லாரும் தொட்டியப் பாத்து மெச்சுனாங்க. போதகர் ஜெபம் தொடங்குனாரு. யோனாவ கர்த்தர் மீன் வயித்துல காத்தது வரை போச்சு ஜெபம். எல்லாரும் கண்ண மூடியிருக்காங்க. நான் ஒரு கண்ண மட்டும் தொறந்தேன். ஒரு மீனு சரிஞ்சு நீந்துது. மூடிட்டேன். மறுபடி தொறந்தேன். மூணு மல்லாக்க கெடக்கு. ஆமென் சொல்லும்போ ஆறும் மேல மெதக்குது.

பக்கத்து வீட்டுக் குட்டி சொல்லுது, "அம்மா, மீனெல்லாம் ஜெபத்துலயே ஒறங்கிட்டு."

எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு தோலு உரிஞ்ச மாதிரி ஆச்சு. அந்த நாணக்கேட்ட எங்கயாவது கொண்டு எறக்கணுமே. திங்கக்கிழமை தொட்டிய ஆட்டோவில ஏத்திட்டு ஜங்ஷனுக்குப் போனேன். அதுவரை மாமான்னு விளிச்சவன், பஸ்ஸுக்கு நிக்கவங்க எல்லாம் கேக்க ஓய்ன்னு விளிச்சேன்.

"ஓய், தீனம் புடிச்ச மீனையா விக்கிதீரு? ஒரு மணிக்கூறு உசுரோட இருக்கல்ல."

மாமன் தொட்டிக்குள்ள தலைய விட்டு மோந்தாரு. மூலை மூலையா மோந்தாரு. பொறவு தலைய வெளிய எடுத்து எனக்க மொகத்தப் பாத்தாரு. அன்னைக்கு மட்டும் எனக்க கைய கேக்கல்ல.

மீன் வாங்க நின்ன ஒருத்தரு கேட்டாரு, "உள்ளதா அண்ணாச்சி?"

"ஆமா," ன்னாரு மாமன். "இந்தத் தடவ வந்த மீனு செரியில்ல. தப்பு எனக்கதாக்கும்."

கேட்டவரு கையில எடுத்த மீன் கவர அப்பிடியே கீழ வச்சிட்டுப் போனாரு. மாமன் எனக்கு வேற தொட்டியும் வேற ஆறு மீனும் தந்தாரு. நானும் வாங்கிட்டு வந்தேன். மனுசன் வாங்குவானா? நான் வாங்குனேன்.

பேச்சு ஊரு முழுக்கப் பரவிச்சு. கொறே மாசம் ஆளுங்க மீன் வாங்க நெய்யாற்றின்கரைக்குப் போனாங்க. அதுல ரெண்டு பேர கொண்டு விட்டது நான்தான், எனக்க ஆட்டோவில.

மாமன் ஒரு வார்த்த கேட்டதில்ல. வழியில பாத்தா ஆட்டோவ நிப்பாட்டுவாரு. "கை தாலே." மோப்பாரு. "கொள்ளாம்." அவ்வளவுதான். நாளைக்கு சொல்லணும், நாளைக்கு சொல்லணும்னு நான் வண்டிய எடுத்துட்டுப் போவேன்.

போன மாசம் நெஞ்சு வலின்னு படுத்தவரு எந்திரிக்கல்ல. அன்னைக்கு நான் சோப்பு போடாம குளிச்சிட்டுத்தான் போனேன். பெட்டியில கெடந்த மாமன் கையப் பிடிச்சு மோந்தேன். சந்தன சோப்பு. குளிப்பாட்டுனவங்களுக்கு என்ன தெரியும்? குனிஞ்சு காதுல சொன்னேன், "சோப்பு போட்டது நான்தான் மாமா." சுத்தி நின்னவங்க நான் ஜெபிக்கேன்னு நெனச்சு தலைய குனிஞ்சாங்க.

ஒரு வாரம் கழிச்சு மாமி விளிச்சா. "மக்கா, பொறத்த ஒரு தொட்டி கெடக்கு. ஒனக்குத்தான் குடுக்கணும்னு சொல்லியிருக்காரு. இந்த ஜங்ஷன்ல சோப்பு போடாம தொட்டி களுவத் தெரிஞ்ச ஒரே ஆளு நீதானாம்."

நான் சோப்பு போட்ட அந்தத் தொட்டிதான் அது. மேல எல்லாம் தூசி. ஆனா மூலையில இருந்த பழைய பசைய ஒண்ணு விடாம சொரண்டி எடுத்து, புதுசா ஒட்டி வச்சிருக்காரு.

இப்ப எங்க முன்னறையில வெள்ளம் நெறச்சு வச்சிருக்கேன். ரெண்டு நாளாச்சு, பேப்பரு நனையல்ல. வெள்ளத்த தொடுததுக்கு முன்ன கைய ஒருக்கா மோந்து பாக்கேன். கொள்ளாம்னு சொல்லத்தான் ஆளில்ல.