சூடத்துக்குத் தடை போட்ட சீனிக்குண்டு

நோயைக் கண்டு மொரீஷியஸ் தீவின் சுரினாம் ஊரில் எல்லோரும் பயந்தோம். நோயே பார்த்துப் பயந்த ஒரே ஆள் சீனிக்குண்டு.

ஒரு துண்டுக் கரும்புத் தோட்டம், ஒரு மாடு, போர்ட் லூயிஸில் வாங்கிய ஓமியோபதிப் பெட்டி. இவ்வளவுதான் அவர் சொத்து. கரும்பில் களை மண்டிக் கிடக்கும். பெட்டி மட்டும் பளபளக்கும். அதிலுள்ள கடுகளவு வெள்ளை உருண்டையைக் கரைத்துக் குடித்தால், நோய் ஊர் எல்லையோடு திரும்பிவிடும் என்பார். கரும்பு விளையும் ஊரில் சீனியையே மருந்து என்கிறாரே என்று சிரித்து, அந்தப் பெயரை வைத்தோம்.

ஒரு வருஷம் காவடிக்கு முன்னால் சூறாவளி அடித்து ஆறு கலங்கிவிட்டது. அடுத்த ஊரில் வயிற்றுக்கடுப்பு. இங்கே ஒருவர் படுத்தாலும் காவடி கிடையாது என்று சுகாதார அதிகாரி சொல்லிவிட்டுப் போனார். என் மனைவி பிரசவத்தில் செத்துப் பிழைத்தவள். அதற்காகக் காவடி நேர்ந்துகொண்டிருந்தாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

சீனிக்குண்டு துள்ளி எழுந்தார். மருந்துக்கும் விரதம் உண்டு என்று அறிவித்தார். உருண்டை கரைக்கும் தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும். வேறு தண்ணீர் வாயில் பட்டால் மருந்துக்குத் தீட்டு. கை கழுவாமல் சோற்றைத் தொட்டால் மருந்து கோபித்துக்கொள்ளும். காப்பி கூடாது, சூடம் கூடவே கூடாது. காவடி விரதம் இருக்கிற ஊரல்லவா? விரதம் என்றதும் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

விடிந்ததும் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, தண்ணீரைத் திலோ என்று கிரியோல் மொழியில் சொல்லிக் கேட்பார்.

"திலோ கொதிச்சுதா, தங்கச்சி?"

"கொதிச்சுது அண்ணே."

"எங்க, மூடியைத் தெற! தண்ணியில குமிழி வந்தாத்தான் நம்புவேன்."

பூசாரியிடம்தான் பெரிய சண்டை.

"சூடம் வாசனை பட்டா மருந்து செத்துப்போகும் சாமி. நெய்விளக்கு காட்டுங்க."

"சூடம் இல்லாம தீபாராதனையா? முருகனுக்கும் குண்டு குடுப்பியோ?"

"வாயைத் தெறந்தார்னா குடுப்பேன்!"

காவடி நின்றுபோகும் பயம் பூசாரிக்கும் இருந்தது. முணுமுணுத்துக்கொண்டே சூடத்தைப் பூட்டி வைத்தார்.

அதிகாரி திரும்பி வந்து வீடு வீடாகப் பார்த்தார். ஒருவரும் படுக்கவில்லை! எங்கள் அடுப்பில் கொதித்த தண்ணீரைப் பார்த்துச் சிரித்தார். உங்களைக் காப்பாற்றியது இதுதான், அந்த உருண்டையில் ஒன்றுமில்லை, போய்க் காவடி எடுங்கள் என்று என்னிடம் கிரியோலில் சொன்னார்.

மேளம் ஊரையே அதிரவைத்தது. ஆற்றங்கரையிலிருந்து என் மனைவி காவடியோடு நடந்தாள். சந்தோஷத்தில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கோயில் வாசலில் சீனிக்குண்டுவுக்கு மாலை போட்டுத் தோளில் தூக்கினோம்.

"பாத்தீங்களா? என் குண்டு ஜெயிச்சுருச்சு!" என்று மேலிருந்து கத்தினார்.

அதிகாரி சொன்னது அதற்குள் ஊருக்கே தெரியும். பூசாரி உட்பட ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை. மறுநாளும் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அவர் தந்த உருண்டையைக் கும்பிட்டு வாங்கிக் கரைத்துக் குடித்தோம். மருந்தை நம்பி அல்ல. எங்களுக்கு அவர் மேல் அவ்வளவு ஆசை.