சோமனூர்ப் பெண்களின் ஈரல்

மருந்தியல் துறைக்கே ஒன்றான கம்ப்யூட்டர் இன்றைக்கும் வரைபடத்தில் கோடு போட மறுத்துவிட்டது. கிருபாசங்கர் தலையில் கை வைத்துக்கொண்டான். இந்த வருடத்தோடு ஆராய்ச்சிக்குக் கெடு முடிகிறது. டாக்டர் பட்டம் இல்லையென்றால் பெண்ணும் இல்லை என்று பெருந்துறையிலிருந்து வருங்கால மாமனார் நாசூக்காகச் சொல்லியனுப்பியிருந்தார்.

மேல்வலி மாத்திரை ஒன்று உடம்பைவிட்டு எத்தனை வேகத்தில் வெளியேறுகிறது என்பதுதான் ஆராய்ச்சி. ஒரே ஆளிடம் நாள் முழுக்க ரத்தம் எடுத்தால் தெரிந்துவிடும். ஆனால் சோமனூர்த் தறிக்காரர்கள் ஒரு குத்துக்கு மேல் கை நீட்டுவார்களா? ஆகவே தறியோட்டும் புருஷன் பெண்டாட்டிகளைப் பிடித்து, ஆளுக்கொரு மாத்திரை கொடுத்தனுப்பினான். ஒருவரிடம் காலையில், இன்னொருவரிடம் சாயங்காலம் என்று கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் வாங்கி, எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் போட்டான்.

"வயசு வாரியாப் பிரிச்சுப் பாருங்க கிருபா," என்றார் வழிகாட்டிப் பேராசிரியர் ஞானாபரணம்.

பிரித்தான். குழப்பம் கூடியது. எடை வாரியாகப் பிரித்தான். கம்ப்யூட்டர் அப்படியே நின்றுபோனது. கடைசியில் ஆண், பெண் என்று பிரித்தான். அடடா! ஆண்களின் ரத்தத்தில் மருந்து ததும்பியது. பெண்களின் ரத்தத்தில் பேருக்குக்கூட இல்லை.

"சார், பொம்பளைங்க ஈரல் மருந்தை வந்த வேகத்துல வெளிய தள்ளிப்போடுதுங்க!"

"அபாரம்! பெண்களுக்கு டோஸைக் கூட்டுங்க, ஆண்களுக்குக் குறைங்க. கோடு தானா வரும்."

பெண்களுக்கு இரண்டு, ஆண்களுக்குப் பாதி என்று கொடுத்து, கெஞ்சிக் கூத்தாடி இன்னொரு குத்துக்குச் சம்மதிக்கவைத்தான். பெண்கள் அப்படியே இருந்தார்கள். பாதி மாத்திரை வாங்கிய ஆண்களுக்கோ மருந்து முன்னைவிட ஏறியிருந்தது. கம்ப்யூட்டர் கணக்குப்படி சோமனூர் ஆண்கள் மருந்தைத் தாங்களே தயாரித்தார்கள்.

அலறியடித்துக்கொண்டு சோமனூருக்கு ஓடினான். பழனாத்தாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தாள். பக்கத்துத் தறியில் அவள் கணவர் சென்னிமலை உற்சாகமாகச் சீட்டியடித்தார்.

"ஏனுங்கக்கா, மாத்திரையைக் கீழ கீது போட்டுட்டீங்களா?"

"ஐயோ, ஒண்ணுகூட வீணாக்கலீங்க."

"வாந்தி எடுத்தீங்களா?"

"இல்லீங்களே."

"அப்புறம் ஏனுங்க உங்க ரத்தத்துல ஒண்ணுமே இல்லை? எம்பட கண்ணாலமே நின்னுபோயிருமுங்க!" அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

பழனாத்தாளுக்கு மனசு கேட்கவில்லை. தறியை நிறுத்திவிட்டு வந்தாள்.

"அழுவாதீங்க கண்ணு. அத்தனை ஒசத்தி மாத்திரையைப் பொம்பளைக நாங்க திம்பமுங்களா? கறிச்சோறாட்ட, அதையும் ஊட்டுக்காரருக்கே வெச்சுப்போட்டமுங்க!"