குதிரை ஆணா, பெண்ணா?

கள்ளக்குறிச்சிக்குக் குடிவந்தவர்களில் குதிரை மேடம் அளவுக்குச் சந்தேகத்துக்கு ஆளானவர் எவரும் இல்லை. என் வீட்டு மாடியறையை வாடகைக்குக் கேட்டபோது, தான் வரலாற்று ஆய்வாளர் என்றார். திருவிழா ஆட்டங்களில் மிருகங்கள், ஆண்கள், பெண்கள்: இதுதான் ஆராய்ச்சியாம். அவருடைய ஆதார் அட்டையை இருபுறமும் திருப்பிப் பார்த்தேன். சந்தேகம் தீரவில்லை.

மலைமேல் இருக்கும் கரியாலூருக்குப் போனவர், "சேவல் சண்டை நடக்கும்போது கோழிகள் எங்கே இருக்கும்?" என்று விசாரித்தார்.

"பாதி வூட்ல, மீதி கொழம்புல" என்றார் மலைக்காரர் ஒருவர். மேடம் அதையும் அக்கறையாக எழுதிக்கொண்டார்.

பிறகு எதிர்வீட்டு ராணியிடம் வந்தார். ராணி என்பவர் ஐம்பது வயது ஆண். பொய்க்கால் குதிரையாட்டத்தில் ராணி வேடம் கட்டுபவர்.

"ராஜாவும் ஆம்பள, ராணியும் ஆம்பள. சரி, உங்க குதிரை ஆணா, பெண்ணா?"

"அது காயிதங்க."

"காகிதம்தான். ஆணா, பெண்ணா?"

கிளி ஜோசியரின் கிளியை வனத்துறை அதிகாரிகள் பறிமுதல் செய்திருந்த வாரம் அது. ராணிக்கு வியர்த்துவிட்டது. நேராக என்னிடம் ஓடி வந்தார்.

"சார், மாடில இருக்கிறது மிருகம் புடிக்கிற ஆபீசரு. கிளிய புடிச்சவங்க குதிரைய வுடுவாங்களா?"

"உன் குதிரைக்கு உயிரே இல்லையேய்யா!"

"கேஸ் போட்டுட்டு அப்பறந்தான சார் அத்த பாப்பாங்க?"

அதில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் பட்டது. வடக்கனந்தல் திருவிழா நெருங்கிவிட்டது. குதிரை இல்லையென்றால் அந்த ஆட்டம் வேறு குழுவுக்குப் போய்விடும், பிறகு திரும்பாது. என் கிணற்றடித் தகரக் கொட்டகைக்குள் குதிரையை நானே பிடித்துத் தள்ளினேன். தீவனம் வைக்காததுதான் பாக்கி.

அன்று மாலை மழை கொட்டித் தீர்த்தது. தகரம் ஒழுகி, குதிரையின் முகம் கூழாகத் தொங்கியது. ராணி தரையில் உட்கார்ந்து அழுதார். சத்தம் கேட்டு மேடம் இறங்கி வந்தார்.

"இதை ஏன் இங்க ஒளிச்சு வச்சீங்க?"

"நீங்க புடிச்சிகினு போயிடுவீங்கன்னுதாங்க."

மேடம் சிரிக்கவில்லை. மைதா மாவில் பசை காய்ச்சச் சொன்னார். மாடியிலிருந்து ஒரு கட்டுத் தாளைக் கொண்டுவந்து கிழிக்க ஆரம்பித்தார். எல்லாம் அவர் கையால் எழுதியவை.

"ஆராய்ச்சி ஆச்சேம்மா!" என்று பதறினேன்.

"அதைத் திரும்ப எழுதிக்கலாம் சார். குதிரை ஆடணுமே."

தாள்மேல் தாள் ஒட்டி மூக்கு உருவானபோது, ராணி குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பொட்டதாங்க. பேரு செல்லம்மா."

பின்னால் நின்றிருந்த அவர் மனைவி செல்லம்மாள் இடுப்பில் கைவைத்தார். "அடப்பாவி! என் பேர வெச்சிகினா இத்தினி வருசமா ஆட்டிகினு இருக்க?"

மேடம் பசை ஒட்டிய கையோடு பேனாவைத் தேடினார்.

செல்லம்மா வடக்கனந்தலில் ஆடினாள். மேடமும் சில மாதங்களில் ஊருக்குப் போய்விட்டார். சென்ற மாதம் குதிரையின் மூக்கில் சாயம் உரிந்து, உள்ளிருந்து அவர் கையெழுத்து இரண்டு வரி தெரிந்தது. ராணி பெயிண்ட் டப்பாவைத் திறந்தார்.

அந்த இடத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னேன்.