வடக்கனந்தல் பேச்சை இணையத்திலிருந்து நீக்கக் கோரி

களமருதூர்,
உளுந்தூர்பேட்டை வழி.

மாண்பமை மணிமொழி அம்மையார் அவர்களுக்கு,
பொறுப்பாளர், மக்கள் இயக்க ஏடுகள் மின் காப்பகம், சென்னை.

வணக்கம். களமருதூரில் நானும் என் ரத்த அழுத்தமும் மாத்திரையின் தயவில் அமைதியாக இருக்கிறோம். சென்னையில் தாங்களும் தங்கள் கணினிகளும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்பி இதை எழுதுகிறேன். நான் யாரென்று தங்களுக்கு நினைவிருக்காது. ‘கொழுமுனை’ என்னும் குத்தகை விவசாயிகளின் புரட்சி வார ஏட்டுக்கு ஆசிரியராகவும் வெளியீட்டாளராகவும், சைக்கிளில் கொண்டுபோய் வீடு வீடாகப் போட்டவனாகவும் இருந்த பொன்னுரங்கம் நான்தான். சென்ற ஆடி மாதம் தங்கள் ஊழியர் ஜெயசுதா எங்கள் வீட்டுக்கு வந்து பத்தொன்பது இதழ்களையும் ஒரு கேசட்டையும் குழந்தையைத் தூக்குவதுபோல் துணியில் சுற்றி எடுத்துச் சென்றார். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை இணையத்தில் இருக்கிறது.

முதலில் சின்னக் குறைகள். என் மகன் இளஞ்செழியன் கைப்பேசியில் தங்கள் தளத்தைத் திறந்து காட்டினான். ‘கொழுமுனை’ தலைப்பின் கீழ் “ஒழுங்கற்ற இடைவெளியில் வெளிவந்தது” என்று போட்டிருந்தீர்கள். ஜெயசுதா கொடுத்த விண்ணப்பத்தில் ‘வார ஏடு’ என்று நான் என் கைப்படத்தான் எழுதிக் கொடுத்தேன். ஆறு ஆண்டில் பத்தொன்பது இதழ் வந்தது உண்மைதான், ஆனால் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வாரத்தில்தானே வந்தது. ஏழாம் இதழுக்கு “மூன்றாம் பக்கத்தில் மஞ்சள், எண்ணெய்க் கறை, ஓரத்தில் எலி கடித்த தடம்” என்று குறிப்பு. அந்த இதழை என் மனைவி ராணியம்மாள் சமையலறை அலமாரியில் விரித்து மேலே ஊறுகாய் ஜாடிகளை வைத்திருந்தாள், அதனால்தான் அந்த இதழே தப்பியது என்பதை ஒரு வரி சேர்த்திருக்கலாம். இதெல்லாம் போகட்டும். கேசட்டுக்குப் போட்டிருந்த குறிப்புதான் எனக்குப் புரியவில்லை. “1984, வடக்கனந்தல் பொதுக்கூட்டம். பேச்சாளர்கள்: பொன்னுரங்கம், அடையாளம் தெரியாத ஒரு பெண். இருபத்திரண்டாம் நிமிடத்தில், உணவு வழங்குவதில் பாகுபாடு காட்டப்படுவதை எதிர்த்து மக்கள் முழக்கம்.” அந்தப் பெண் நன்றியுரை சொன்னவராக இருக்கும் என்று விட்டுவிட்டேன். ஆனால் எங்கள் கூட்டத்தில் உணவே கிடையாதே, சோடாகூட அவரவர் செலவில்தானே, பாகுபாடு எங்கிருந்து வந்தது என்று இரண்டு நாள் யோசித்தேன். இந்த முழக்கத்தைப் பற்றி ஒரு ஆராய்ச்சி மாணவர் தகவல் கேட்டிருப்பதாக ஜெயசுதா வேறு சொன்னார்.

அந்தக் கேசட்டை நாற்பது வருடமாக நான் போட்டுக் கேட்டதில்லை. கேட்க வேண்டிய தேவை வரவில்லை, அதில் உள்ளதைத்தான் நான் சொல்லிக்கொண்டே இருந்தேனே. கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் பாதையில் வனப்பொருள் ஏலம் எடுத்த ஒரு குத்தகைதாரர் தடுப்புமரம் போட்டு, தலைச்சுமையோடு வருகிற மலைக்காரர்களை நிறுத்தி, சாமையோ கடுக்காயோ, சுமையில் கால்பங்கை இறக்கி வைக்கச் சொன்ன காலம் அது. அதை எதிர்த்து மலையடிவாரத்து வடக்கனந்தலில் கூட்டம் போட்டோம். நான் இரண்டு மணி நேரம் முழங்கினேன், மறுவாரமே தடுப்புமரம் அகன்றது. இதை நான் சொல்லாத கல்யாண வீடு இந்த வட்டாரத்தில் இல்லை. பன்னிரண்டாம் இதழில் முதல் பக்கத்தில் “வடக்கனந்தலில் பொன்னுரங்கம் முழக்கம்” என்று முழுப் பேச்சையும் அச்சடித்தும் இருக்கிறேன்.

இப்படி இருக்கையில் போன மாதம் அதே மலைமேல் இருக்கும் வெள்ளிமலையில் தாங்கள் நடத்திய கூட்டத்துக்கு எனக்குச் சிறப்பு விருந்தினராக அழைப்பு வந்தது. பழைய ஒலிப்பதிவுகளை அந்தந்த ஊர் மக்களுக்கே போட்டுக் காட்டுகிறோம் என்றார் ஜெயசுதா. மூட்டுவலி என்று ராணியம்மாள் வரவில்லை. நான் சிவப்புத் துண்டைக் கஞ்சி போட்டுத் தோளில் போட்டுக்கொண்டு, இளஞ்செழியனோடு கள்ளக்குறிச்சியில் மலை பஸ் ஏறினேன். வளைவுக்கு வளைவு எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே, அங்கே போய்ப் பேசுவதற்கு இரண்டு மணி நேர உரை ஒன்றை மனத்துக்குள் தயார் செய்தேன். போய் இறங்கினால் நூறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு மாலை. பெரிய ஸ்பீக்கர் பெட்டி. ஜெயசுதா பொத்தானை அழுத்தினார்.

அம்மையார் அவர்களே, அதில் வந்த குரல் என்னுடையதுதான். “தலைவர் அவர்களே, தோழர்களே” என்றது. பிறகு இருமியது. மறுபடி “தலைவர் அவர்களே” என்றது. “இந்த நேரத்திலே நான் ஒன்றைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்” என்று மூன்று முறை சொல்லிவிட்டு, அந்த ஒன்று என்னவென்று கடைசிவரை சொல்லவில்லை. நாலாவது நிமிடத்தில் “கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வந்துட்றேன்” என்றது, அவ்வளவுதான். ஒரு சலசலப்பு, பிறகு ஒரு பெண் குரல். “அவரு போவட்டும். எங்க கதைய நானே சொல்றேன். எங்க தலையில இருக்கற சொமைய எறக்கச் சொல்ல நீ யாரு? விதைச்சப்போ வந்தியா, காட்டுப் பன்னிய ஓட்டறதுக்கு வந்தியா? அந்த மரத்த நீங்களே எடுத்துட்றீங்களா, இல்ல, நாங்க வெட்டி அடுப்புக்குத் தூக்கிக்கினு போவட்டா?” என்று தொடங்கி அரை மணி நேரத்துக்கு மேல் அந்தக் குரல் நிற்கவில்லை. அந்தப் பேச்சு எனக்கு வரிக்கு வரி தெரியும். நான் அச்சடித்த பேச்சு அதுதான். அவர் அடுப்புக்கு வெட்டுவேன் என்றதை நான் “ஆதிக்கத்தின் தடுப்புமரத்தை வரலாற்றின் கோடரி பிளக்கும்” என்று திருத்தியிருந்தேன், அவ்வளவே வித்தியாசம்.

இதற்கிடையே இருபத்திரண்டாம் நிமிடம் வந்தது. பெண்ணின் குரல் திடீரென்று அறுந்து, “இன்னாய்யா, சாம்பாரு அந்தப் பக்கமே போய்க்கினு இருக்குது, இங்க குந்திக்கினு இருக்கறவன்லாம் மனுசன் இல்லியா?” என்று என் மைத்துனன் ராமசாமியின் குரல் முழங்கியது. அதைத் தொடர்ந்து, “பாயசம் கம்மியா இருக்குது, மாமன் வூட்டுக்காரங்களுக்கு மட்டும் ஊத்து” என்று இன்னொரு குரல். 1988-இல் இளஞ்செழியனுக்குக் காது குத்தியபோது யாரோ டேப் ரெக்கார்டரில் தப்பான பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். அந்த ஆராய்ச்சி மாணவரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். மூன்று நிமிடப் பந்திக்குப் பிறகு மீண்டும் பெண் குரல் வந்து, கைதட்டலோடு முடிந்தது.

நூறு பேரும் எழுந்து கைதட்டினார்கள். முன்வரிசையில் எழுபத்தைந்து தாண்டிய ஒரு அம்மாள் மட்டும் உட்கார்ந்திருந்தார். வெள்ளச்சி என்று பெயர். ஜெயசுதாவைப் பக்கத்தில் கூப்பிட்டு, “அது என் கொரல்தாம்மா. ஆமா, அந்தத் தம்பி தண்ணி குடிக்கப் போச்சே, அப்பறம் வந்துச்சா?” என்று கேட்டார்.

ஜெயசுதா என்னைக் காட்டினார்.

“அடடே, நீதானா. தாகம் அடங்கிச்சாப்பா?”

கூட்டம் சிரித்த சிரிப்பு அடிவாரம்வரை கேட்டிருக்கும். என் மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான், தோள் மட்டும் குலுங்கியது. அந்த அம்மாளின் மகன் மூக்கன், ஜெயசுதாவின் கைக்கணினியில் பன்னிரண்டாம் இதழை வாங்கி உரக்கப் படித்துக் காட்டினார். வெள்ளச்சி அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டார்.

“நல்லாதான் எழுதிக்கிற. ஆனா நான் இதவிட நல்லா பேசினேன்” என்றார். பிறகு, “வெள்ளச்சின்னு எழுதறது அவ்ளோ கஷ்டமாப்பா?” என்றார்.

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன், அதற்கு எனக்குப் பழக்கம் உண்டு. “அப்போ அச்சகத்துல எழுத்து கம்மிங்கம்மா” என்று வாயில் வந்ததைச் சொன்னேன்.

“அப்பிடியா. பொன்னுரங்கம்னு ஆறு எடத்துல இருக்குதுன்னு என் மவன் சொல்றானே.”

ஜெயசுதா ஒரு படிவத்தை நீட்டினார். பேச்சாளர் பெயரைத் திருத்தக் கேசட்டைக் கொடுத்தவர் கையெழுத்து வேண்டுமாம். நான் படித்துப் பார்த்து அனுப்புகிறேன் என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். இறங்கும்போது எலுமிச்சம்பழம் பயன்படவில்லை.

இப்போது வேண்டுகோளுக்கு வருகிறேன். ராணியம்மாளின் சொந்த ஊர் வடக்கனந்தல். 1985-இல் பெண் பார்க்கப் போனபோது, நிலமில்லாத பத்திரிகைக்காரனுக்கு எப்படிப் பெண் கொடுப்பது என்று என் மாமனார் இழுத்தார். இரண்டு மணி நேரப் பேச்சைச் சொல்லித்தான் அவரை வழிக்குக் கொண்டுவந்தேன். நாற்பது வருடமாக நான் அதைச் சொல்லும்போதெல்லாம் அவள் பக்கத்தில் நின்று தலையாட்டி இருக்கிறாள். இன்றைக்கு இளஞ்செழியன் சாப்பிட உட்கார்ந்தால் “அப்பா, உங்ககிட்ட ஒரு நாலு நிமிஷம் பேசணும்” என்கிறான். அவன் கைப்பேசி ஒருநாள் அவள் கைக்குப் போகும். அதற்குள் அந்த ஒலிப்பதிவைத் தளத்திலிருந்து இறக்கிவிட வேண்டுகிறேன். இதழ்கள் எல்லாம் இருக்கட்டும், கறைகளோடு இருக்கட்டும். கேசட் மட்டும் நான் கண்மூடும்வரை இருட்டில் இருக்கட்டும். வெள்ளச்சி அம்மாளுக்கு இது அநியாயம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் கேட்கிறேன், அதனால்தான் மூன்று நாளாக எழுதுகிறேன்.

தங்கள் இல்லத்தார்க்கும், துணியில் சுற்றித் தூக்கிப்போன ஜெயசுதாவுக்கும் என் ஆசிகள். தங்கள் பணி தழைக்கட்டும், தங்கள் ஊரில் மின்சாரம் நிற்காமல் இருக்கட்டும்.

இங்ஙனம்,
தோழமையுள்ள,
களமருதூர் பொன்னுரங்கம்

பின்குறிப்பு: மேலே எழுதியவற்றைத் தள்ளிவிடுங்கள். உறை வாங்கக் கடைக்குப் போன நேரத்தில் கடிதத்தைக் கட்டில்மேல் வைத்துவிட்டேன். திரும்பி வந்தால் ராணியம்மாள் கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசிப் பக்கத்தில் இருக்கிறாள். நான் வாசலிலேயே நின்றேன்.

“இன்னாத்துக்கு இம்மாம் பெரிய லெட்டரு? அந்தக் கூட்டத்துக்கு நானும் எங்கம்மாவும் வந்திருந்தோம்” என்றாள்.

“நாப்பது வருசமா சொல்லவே இல்லியே.”

“நீங்க ஆசையா சொல்லிக்கினு இருக்கீங்க, அத எதுக்குக் கெடுக்கணும்?”

“அப்புறம் எதப் பாத்து என்னைக் கட்டிக்கின?”

“அந்தம்மா பேசிக்கினு இருக்கறப்போ மைக்கு ஒயரு பிச்சிக்கிச்சி. மைக்செட்டுக்காரன் எங்க போனானோ ஆளக் காணோம். நீங்கதான் மேடைக்குக் கீழ குந்தி, அவங்க பேசி முடிக்கற வரைக்கும் ரெண்டு ஒயரையும் கையால சேத்துப் புடிச்சிக்கினு இருந்தீங்க. நடுவுல ஷாக்கு அடிச்சிது, வுடல. அந்த ஆளத்தான் பாத்தேன். எங்கப்பா பேச்சக் கேட்டு சரின்னு சொல்லல, நான் சொன்னதாலதான் சரின்னாரு.”

எனக்கு அது சுத்தமாக மறந்தே போயிருந்தது. ஒலிப்பதிவை இறக்க வேண்டாம். திருத்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். பேச்சாளர்: வெள்ளச்சி, கல்வராயன் மலை. என் பெயரை அங்கிருந்து எடுத்துவிடுங்கள். கீழே இடம் மீதி இருந்தால் மட்டும், சின்ன எழுத்தில், ‘ஒயர் பிடித்தவர்: பொன்னுரங்கம்’ என்று போடலாம்.