ஜப்பான் பிள்ளைக்குத் தாய்மாமன்

மூன்று வயதுக் குழந்தை ஒன்றுக்கு, பெற்ற தாய் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவள் சம்மதம் இல்லாமல் மொட்டை போட வைத்தவன் நான். சம்மதம் வாங்கிவிட்டதாக முழுமையாக நம்பினேன் என்பதுதான் இதில் கூடுதல் வெட்கக்கேடு.

அப்போது சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு தொழிற்சாலையின் நிர்வாகப் பிரிவில் இருந்தேன். ஜப்பானிலிருந்து ஒரு அதிகாரி குடும்பத்தோடு வருகிறார், வீடு, காஸ், சமையலுக்கு ஆள் எல்லாம் பார்த்துக் கொடுக்க வேண்டும், யாருக்காவது அவர்கள் பாஷை தெரியுமா என்று கேட்டார்கள். என் கை தானாக உயர்ந்தது. முப்பது நாளில் ஜப்பானிய மொழி கற்றுத்தரும் புத்தகம் ஒன்று என்னிடம் இருந்தது. (பதினேழாம் நாளோடு விட்டுவிட்டேன். அந்தப் பதினேழு நாளும் தொடர்ச்சியானவை அல்ல.)

மேனேஜர் என்னைத் தனியே அழைத்தார். "இதோ பாருய்யா, போன தடவை வந்தவரு சம்சாரத்துக்கு ஊரு பிடிக்கலன்னு நாலே மாசத்துல மூட்டை கட்டிட்டாரு. இந்தம்மாவும் கிளம்பிச்சுன்னா, பின்னாடியே நீயும் கிளம்பவேண்டியதுதான்."

கெய்கோ அம்மையார் மெலிந்தவர், அதிகம் பேசாதவர். பையன் ரிக்கு. நான் எது கேட்டாலும் அந்த அம்மாள் தலையைத் தாழ்த்தி "ஹாய்" என்பார். ஹாய் என்றால் ஆமாம். புத்தகத்தில் முதல் நாளே வந்துவிடும். மூன்று மாதம் நான் கேட்ட எதற்கும் ஆமாம் தவிர வேறு பதில் வரவில்லை. என் மொழித்திறமையை எண்ணி நானே வியந்து கிடந்தேன்.

சித்திரை வெயிலில் ரிக்குவின் தலை முழுக்க வேர்க்குரு. சமையல் செய்யும் செல்விக்குப் பொறுக்கவில்லை. "சார், எங்க கொலதெய்வம் கோயில்ல ஒரு மொட்ட போட்டுட்டா புள்ள ஜம்முனு ஆயிடும். மேடத்த கேளு சார்."

கேட்டேன். குழந்தை, முடி, கோயில், நல்லது என்று என் கைவசமிருந்த சொற்களை வரிசையாக அடுக்கினேன். "ஹாய்." ஞாயிற்றுக்கிழமை? "ஹாய்." சந்தேகத்துக்கு இடமே இருக்கக் கூடாதென்று என் தலையை முழுதாகத் தடவியும் காட்டினேன். "ஹாய், ஹாய்" என்று சிரித்தார். இதற்கு மேல் பத்திரத்தில் கையெழுத்தா வாங்க முடியும்?

திருக்கழுக்குன்றம் சாலையில், செங்கல்பட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அந்தக் கோயில். அன்று கணவருக்கு வேலை. அம்மாள் கைப்பேசியும் கையுமாக வந்து எல்லாவற்றையும் படம் எடுத்தார். முடி எடுப்பவர் வேப்பமரத்தடியில் பலகை போட்டு உட்கார்ந்திருந்தார்.

"தாய்மாமன் யாருபா? மடில வெச்சிக்கணும்."

"மாமன் ஜப்பான்ல கீறாரு" என்றாள் செல்வி.

"அப்ப சார் குந்தட்டும்."

குந்தினேன். ரிக்கு என் மடியில். அவர் குழந்தையின் தலையில் தண்ணீர் தடவினார். அம்மாள் ஏதோ தீர்த்தம் தெளிக்கிறார்கள் என்கிற மலர்ச்சியோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார். கத்தியில் புது பிளேடு ஏறியது.

"இன்னா மேடம், ஆரம்பிக்கலாமா?"

"ஹாய்."

"ஹாய் மேடம்" என்று அவரும் பதில் மரியாதை செய்துவிட்டு, நெற்றியிலிருந்து உச்சிவரை ஒரே இழுப்பு இழுத்தார்.

ஒரு கொத்து முடி என் வேட்டியில் விழுந்தது. அம்மாளின் கைப்பேசி மண்ணில் விழுந்தது.

"டமே! டமே!"

'கூடாது' என்று பொருள்படும் அந்தச் சொல் பத்தொன்பதாம் நாள் பாடத்தில் வருகிறது. பிறகு பார்த்துத் தெரிந்துகொண்டேன். அப்போது விழித்தேன்.

"டேமேஜுன்னு சொல்லுது சார்" என்று செல்விதான் ஏறக்குறைய சரியாக மொழிபெயர்த்தாள்.

அம்மாள் பாய்ந்து குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டார். நடுமண்டையில் தார் போடாத சாலை மாதிரி ஒரு பாதை. இரு பக்கமும் காடு. ரிக்கு அதைத் தடவிப் பார்த்துவிட்டு வீரிட்டான். அம்மாள் என்னை வெறுமனே பார்த்தார். அந்தப் பார்வையில் மூட்டை முடிச்சு, விமான டிக்கெட், மேனேஜர் முகம் எல்லாம் எனக்குத் தெரிந்தது. கும்பல் கூடிவிட்டது.

"பாதில வுட்டா சாமி குத்தம் சார். புள்ளய வாங்கு" என்றார் முடி எடுப்பவர். வாங்குவதா? கிட்டப் போனாலே அம்மாள் ஒரு எட்டுப் பின்வாங்கினார். ரிக்கு கத்தியைப் பார்த்துப் பார்த்து அலறினான். இது வலிக்காது என்று சொல்ல எனக்கு ஜப்பானிய மொழியில் வழியில்லை. வேறு எந்த வழியும் தோன்றாமல் பலகையில் நானே போய் உட்கார்ந்தேன்.

"எனக்கு முதல்ல போடுப்பா."

(நாற்பத்தாறு வயதில், பதினைந்து நாளைக்கொரு முறை கறுப்படித்துக் காப்பாற்றி வந்த முடி. என்னிடம் பார்க்கும்படியாக இருந்தது அது ஒன்றுதான்.)

"மீச?"

"அதுவும்."

பாதி வழியில் அழுகை நின்றது. முழுதும் முடிந்து நான் நிமிர்ந்தபோது ரிக்கு கையை நீட்டி என் மண்டையில் பட்டென்று ஒரு அடி அடித்துவிட்டு, விழுந்து விழுந்து சிரித்தான். அம்மாள் என்னையே பார்த்தபடி நின்றார். பிறகு இடுப்புவரை வளைந்து கும்பிட்டார். ஒன்றும் புரியாமல் நானும் வளைந்தேன். தானே குழந்தையை என் மடியில் உட்கார வைத்தார். மிச்சத்தையும் எடுத்து, இரண்டு தலைகளுக்கும் சந்தனம் பூசினார்கள்.

வீட்டுக் கதவைத் திறந்த மனைவி நெஞ்சில் கைவைத்து, "ஐயோ, யாருங்க போனது?" என்றாள். நாளை தெரியும் என்றேன்.

மறுநாள் கெய்கோ அம்மையாரின் கணவர் கூப்பிட்டனுப்பினார். பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு பெண். ஜப்பானிய மொழியை முறையாகப் படித்துப் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள். அவர் நீளமாகப் பேசினார். அவள் சொன்னாள்:

"சார், அவங்க ஊர்ல பெரிய தப்பு பண்ணவங்க தலைய மழிச்சுக்கிட்டு மன்னிப்புக் கேட்பாங்களாம். நீங்க அதைத் தெரிஞ்சு செஞ்சது மேடத்தோட மனசை உருக்கிடுச்சாம். இங்கேயே இருக்கப்போறாங்களாம்."

தெரிந்து செய்தவன் போலவே முகத்தை வைத்துக்கொண்டேன். அதோடு எழுந்து வந்திருக்கலாம். "என் ஜப்பானிய மொழியைப் பத்தி மேடம் ஏதாவது சொன்னாங்களாமா?" என்று கேட்டேன்.

அவள் கேட்டாள். அவர் சங்கடத்தோடு தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். அவள் மேஜையைப் பார்த்தபடி சொன்னாள்:

"மூணு மாசமா நீங்க தமிழ்ல பேசறீங்கன்னு நினைச்சிருந்தாங்களாம் சார். புரியலன்னா உங்க மனசு கஷ்டப்படுமேன்னு, நாம உம் கொட்டற மாதிரி, ஹாய் ஹாய்னு சொல்லிக்கிட்டிருந்தாங்களாம். ஆனா தமிழ் காதுக்கு ரொம்ப இனிமையா இருக்குன்னு சொல்லச் சொன்னாங்க."