பத்ரி கட்டிய தொட்டி

பக்கத்துத் தெருவில் மாநகராட்சிக்காரர்கள் வீடு வீடாக அளக்கிறார்கள் என்ற சேதி வந்தபோது, பத்ரி தன் புது மொட்டைமாடி அறையில் மின்விசிறிக்கு அடியில் காலை நீட்டிக்கொண்டிருந்தார். சட்டென்று எழுந்து உட்கார்ந்தார்.

ஓய்வுபெற்ற பிறகு சனத்நகர் வீட்டில் அவருக்கு உட்கார இடமில்லை. கூடம் முழுக்க மகன் அபிநவின் ஆபீஸ் மீட்டிங். இரண்டு மாடிக்கு மேல் அனுமதி கேட்டால் கிடைக்கவா போகிறது என்று, கேட்காமலே கட்டிய அறை இது.

"இடிச்சிடுவாங்களா?" என்றாள் மனைவி மாதங்கி.

"ரூம்னாதானே இடிப்பான்? தண்ணித் தொட்டி உயரக் கணக்குலயே வராது. டிஃபென்ஸ்ல இன்ஜினீயரா இருந்தவன்டி நான்!"

மறுநாளே ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தார். கதவையும் பூசி மறைத்தார். சுவருக்கு நீலம் அடித்து, 'குடிநீர்' என்று ஊர் மொழியான தெலுங்கில் பெரிதாக எழுதினார். எழுதியது சரியா என்று பார்க்கப் போனபோதுதான், மூக்குக்கண்ணாடி அடைத்த அறைக்குள்ளேயே மாட்டிக்கொண்டது தெரிந்தது.

நல்ல கோடை. எதிர்வீட்டுக் கமலம் குடத்தோடு வந்தாள்.

"அண்ணா, எங்க போர் காஞ்சுபோச்சு. இவ்ளோ பெரிய தொட்டி கட்டியிருக்கீங்க, ஒரு குடம் தாங்களேன்."

இல்லையென்றால் குட்டு வெளிப்பட்டுவிடும். வீட்டுக்கு ஏற்கெனவே இருந்த பழைய தொட்டியிலிருந்து வாசலுக்கு ஒரு குழாய் இறக்கினார். மறுநாள் தெருவே வரிசையில் நின்றது. விடிந்த கொஞ்ச நேரத்தில் வீட்டுத் தண்ணீர் தீர்ந்தது.

"நாம குளிக்க வேண்டாமா?" என்றாள் மாதங்கி.

"நக்கோ, வேண்டாம்!" என்று எரிந்து விழுந்துவிட்டு, லாரித் தண்ணீருக்குப் போன் செய்தார். உட்கார இடம் தேடிய மகா புத்திசாலி, இப்போது நிற்க நேரமில்லாமல் ஊருக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறான் என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

ஒருவழியாக மாநகராட்சி அதிகாரி வந்தாள். ஹர்ஷிதா என்று பெயர். சென்னையில் படித்தவளாம், தமிழிலேயே பேசினாள். மனையை அளந்தாள், தெருவின் அகலத்தை அளந்தாள், மாடிக்கு வந்து நீலச் சுவரைத் தட்டிப் பார்த்தாள்.

"இது தொட்டிதானே சார்?"

"சந்தேகமா? கீழே வரிசையில நிக்கறவங்களைக் கேளுங்கம்மா!"

அவள் தலையாட்டிவிட்டு இறங்கினாள். ஜெயித்த மிதப்பில் பத்ரி மாதங்கியைப் பார்த்தார்.

பாதிப் படியில் ஹர்ஷிதா திரும்பினாள்.

"பெரிய மனை, அகலமான ரோடு, ரூல்படி இன்னொரு மாடிக்கே அனுமதி உண்டு. அந்தத் தொட்டியை மட்டும் இடிச்சிட்டீங்கன்னா, அங்க அழகா ஒரு ரூம் கட்டிக்கலாமே சார்?"